பழைய சார்ஜருக்குள் 707 குதிரைகள்

அமெரிக்காவின் டாட்ஜ் கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் மோப்பார், 2017-ல் முழு இன்ஜினையே பெட்டியில் போட்டு விற்பனைக்கு வைத்தது. பெயர் ‘ஹெல்கிரேட்’. 6.2 லிட்டர் வி-8, மேலே சூப்பர்சார்ஜர், 707 குதிரைத்திறன். விலை 19,530 டாலர். இன்ஜின் புத்தம் புதிது. ஆனால் 1976-க்கு முந்தைய கார்களுக்கு என்று அறிவித்துத்தான் விற்றார்கள். கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் 1968 மாடல் டாட்ஜ் சார்ஜரை வைத்திருந்தவர்களுக்குக் கை பரபரத்திருக்கும்.

பழைய காரின் புனிதத்தைக் கெடுக்கும் வேலை இது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் மசில் கார் பிறந்ததே இன்ஜினை மாற்றிப் போட்டதில்தான். ஜான் டிலோரியன் பான்டியாக் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த காலம். நடுத்தர அளவுள்ள டெம்பஸ்ட் காருக்குள், பெரிய கார்களுக்கான 6.4 லிட்டர் இன்ஜினை இறக்கினார்கள். 1964 மாடலாக வந்த ஜி.டி.ஓ. அதுதான். நடுத்தர உடம்பு, பெரிய இன்ஜின், இளைஞர்கள் எட்டிப் பிடிக்கும் விலை. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் இறங்கின.

‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ முதல் படத்தில் வின் டீசலின் கறுப்பு சார்ஜரில், பானெட்டுக்கு மேலே ஒன்று துருத்திக்கொண்டு நிற்குமே, அது சூப்பர்சார்ஜர். முதலில் இது காருக்கான கருவியே அல்ல. இண்டியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்றது இரும்பு உருக்கும் ஊதுலைகளுக்கான காற்றுப் பம்ப். பிற்காலத்தில் ரேஸ் பைத்தியங்கள், லாரியிலும் பஸ்ஸிலும் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 டீசல் இன்ஜினிலிருந்து அந்த வகைப் பம்பைக் கழற்றித் தங்கள் பெட்ரோல் இன்ஜின்களின் தலையில் வைத்தார்கள்.

ஹெல்கிரேட் பெட்டியில் வந்ததும், டாட்ஜின் ‘ஹெல்கேட்’ கார்களில் இருப்பதும் ஒரே ஹெல்கேட் இன்ஜின்தான். அதில் இரண்டு திருகு வடிவ ரோட்டர்கள் ஒன்றையொன்று கவ்விச் சுழல்கின்றன. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் இன்னும் 11.6 பி.எஸ்.ஐ. அழுத்தத்தோடு காற்றை உள்ளே திணிக்கின்றன. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், சக்தியும் ஏறும். நெருக்கிய காற்று சூடேறும். சூடான காற்று, இன்ஜினில் பெட்ரோல் கலவை தானாகவே வெடிக்கும் ‘நாக்கிங்’ கொண்டுவரும். அதனால்தான் தண்ணீர் ஓடும் இன்டர்கூலர். கிராங்கிலிருந்து வரும் பெல்ட்தான் ரோட்டர்களைச் சுற்றுகிறது. முழு வேகத்தில் அதற்கே சுமார் 80 குதிரைத்திறன் போய்விடும். நம் ஊர்ச் சின்னக் கார் ஒன்றின் மொத்த சக்தி அது!

1968 சார்ஜரின் உச்ச இன்ஜினான 426 ஹெமி, 7 லிட்டருக்கு 425 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அது சைலன்சர், ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் இல்லாமல் இன்ஜினைத் தனியாக ஓட்டி அளந்த கணக்கு. காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறை 1972 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. 707 இந்தப் புதிய அளவு. ஆக, உண்மையான வித்தியாசம் எண்கள் காட்டுவதைவிட அதிகம். சாதாரண சார்ஜரில் வந்த 5.2 லிட்டர் இன்ஜினுக்கோ பழைய கணக்கிலேயே 230தான்.

பணம் இருந்தால் இன்ஜினை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதற்கு ஈடுகொடுக்கும் காரைக் கட்டுவதுதான் பாடு. சார்ஜருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்து வெல்டிங் அடித்த உடலே சட்டமும். இவ்வளவு முறுக்குவிசை வந்தால் அந்த உடல் முறுக்கிக்கொள்ளும். எனவே முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் சேர்த்து அடியில் இரும்புக் குழாய்களை வெல்டிங் வைக்கிறார்கள். பிரேக்கோ, அன்று நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான்; முன் டிஸ்க் வேண்டுமென்றால் தனிக் காசு. ஹெல்கேட் இன்ஜினோடு வந்த காரில் முன் பிரேக் டிஸ்க்கின் விட்டம் 15.4 அங்குலம். பழைய சார்ஜரின் சக்கர வளையமே 14 அங்குலம்தான்! சக்கரத்தை மாற்றாமல் பிரேக்கை மாற்ற முடியாது.

கார்புரேட்டருக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ.-யில் பெட்ரோல் வந்தால் போதும். இன்ஜெக்டர்களுக்கு ஐம்பதுக்கும் மேலே வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் பதின்மூன்று நிமிடத்துக்குள் டேங்க் காலி என்று டாட்ஜே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. ஆகவே டேங்க், பம்ப், குழாய் எல்லாம் புதிது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி பழைய தரைக்குள் அடங்காது. நடு மேட்டை வெட்டி அகலப்படுத்த வேண்டும். கம்ப்யூட்டர், வயரிங், எலெக்ட்ரானிக் பெடல் அடங்கிய கிட்டுக்கு மோப்பார் 2,195 டாலர் தனியாக வாங்கியது.

இத்தனையும் செய்து முடித்தாலும் பட்ஜெட்டை விழுங்குவது துருதான். வினைல் ஒட்டிய கூரைக்கு அடியில் தண்ணீர் தேங்கும். டிக்கித் தரையும், பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடும் அரித்துப்போகும். சாண்ட் பிளாஸ்ட் அடித்துப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் ஓட்டை. மாற்றுத் தகடுகள் புதிதாகவே அச்சடித்துக் கிடைக்கின்றன. ஆனால் கதவு இடைவெளி ஒரே அளவாக வரும்வரை தட்டி நிமிர்த்தும் டிங்கரின் கூலிக்கு வரம்பே இல்லை.

எந்தக் காரை வெட்டலாம்? 1968 சார்ஜரில் டேஷ்போர்டின் மேல் இருக்கும் எண் தகட்டில் ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஹெமியோடு பிறந்த கார். அந்த ஆண்டு அப்படி வந்தவை ஐந்நூறுக்கும் குறைவு. அதில் கை வைப்பது, என்னைக் கேட்டால், அநியாயம். ‘எஃப்’ என்றால் 5.2 லிட்டர், இன்ஜினும் தொலைந்து கூடாகக் கிடந்தால் தாராளமாக வெட்டலாம். இன்னும் வெறி பிடித்தவர்களுக்காக, 2018 அக்டோபர் இறுதியில் லாஸ் வேகாஸ் செமா கண்காட்சியில் 1968 சார்ஜர் ஒன்றுக்குள் 1,000 குதிரைத்திறன் ‘ஹெல்லஃபன்ட்’ இன்ஜினை வைத்து மோப்பார் காட்டியது. பார்க்க அழகு, தினசரி ஓட்ட 707-ஏ மிக அதிகம்.

2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையிலிருந்து ஹெல்கேட் இன்ஜினோடும் வந்த டாட்ஜ் சாலஞ்சரின் கடைசி கார் வெளியேறி, அந்த வி-8 கார்களின் வரிசை முடிந்தது. விபத்தில் நசுங்கி இன்சூரன்ஸ் ஏலத்துக்கு வரும் ஹெல்கேட் கார்கள் இந்த இன்ஜினைப் பிடிக்க இன்னொரு வழி. இன்ஜினை மட்டும் எடுப்பதைவிட முழு வண்டியாக எடுப்பது லாபம். கியர்பாக்ஸ், பெடல், இன்டர்கூலர் பம்ப் எல்லாம் அதிலேயே இருக்கும். சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கார்களுக்கு இரண்டு சாவி: சிவப்பு 707 குதிரைகளையும் அவிழ்த்துவிடும், கறுப்பு 500-ல் கடிவாளம் போடும். இரண்டும் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரின் திருட்டுத் தடுப்பு இன்ஜினைக் கிளம்ப விடாது. அந்தப் பூட்டை எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. அதற்குத் தனி பில்.