தறி வீட்டுப் பெண்ணும் நிர்வாகப் படிப்பும்

காஞ்சிபுரத்துத் தறி வீட்டுப் பெண் ஒருத்தி வியாபார நிர்வாகம் படிக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று ஆமதாபாத்திலும் கல்கத்தாவிலும் 1961-ல் கழகங்கள் தோன்றின. 2011-ல் நம் திருச்சிக்கே ஒன்று வந்துவிட்டது. 'காட்' நுழைவுத் தேர்வில் தேறிய பிறகு பேட்டி உண்டு. பல இடங்களில் கட்டுரையும் எழுத வேண்டும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். அங்கேதான் நம் பெண்கள் தடுமாறுகிறார்கள். தலைமைப் பண்பு, கடும் உழைப்பு என்று யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள். அப்பா நெசவாளி என்று சொல்லக் கூச்சம்!

கூச்சம் எதற்கு, அம்மா? கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. பக்கத்தில் துணையாள் வேண்டும். ஜரிகை விலை ஏறினால் கூலி என்ன ஆகும்? விசைத்தறிப் புடவை கைத்தறி என்று விலை போனால் நஷ்டம் யாருக்கு? சங்கத்தில் சரக்குத் தேங்கினால் அடுத்த பாவு எப்போது வரும்? இவையெல்லாம் வியாபார நிர்வாகம் அல்லாமல் வேறென்ன?

ஆகவே, தாய்மார்களே, ஒரு புடவையின் செலவுக் கணக்கை மகளையே எழுதச் சொல்லுங்கள். தறி இல்லாத வீடானால் அடுக்களைக் கணக்கு இருக்கிறதே! பிறகு நீங்களே எதிரில் உட்கார்ந்து, "ஏன்? எப்படி?" என்று குறுக்குக் கேள்வி போடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக்குங்கள்.

பேட்டிக்கு இரவல் புடவை உடுத்திப் போகச் சம்மதிப்பாளா உங்கள் பெண்? இரவல் வார்த்தை மட்டும் எதற்கு?