ஓய்வுடன் முடிவடையும் மருத்துவப் பாதுகாப்பு

அமெரிக்கப் படைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேவையாற்றி ஓய்வுபெறும் ஒருவர், தமது குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பும் இடையறாது தொடரும் என எண்ணுவது இயல்பே. ஆனால், படையினரின் குடும்பங்களுக்கான 'ட்ரைகெயார்' சுகாதாரத் திட்டத்தில் சேவைக் காலத்திலிருந்த பதிவு ஓய்வுடன் முடிவடைந்து விடுகின்றது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தம்மையும் குடும்பத்தினரையும் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். அதுவரை இல்லாதிருந்த பதிவுக் கட்டணமும் அப்போது வந்து சேர்கின்றது.

தவறவிட்டோர் 12 மாதங்களுக்குள், ஓய்வு நாள் முதலான கட்டணத்தைச் செலுத்தி, முன்தேதியிட்டுப் பதிவைக் கோரலாம். அதுவுமின்றேல், பொதுவாக அடுத்த வருடாந்தப் பதிவுக் காலம் வரை, இராணுவ வைத்தியசாலைகளில் இடமிருந்தால் மட்டுமே சிகிச்சை. படைத்தளத்தை விட்டுத் தொலைதூரச் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட குடும்பத்தில் பிள்ளையொன்று திடீரென நோயுற்றால் இச்சலுகையால் பயனேது?

சேவையிலுள்ளவரின் மனைவியையும் பிள்ளைகளையும், அவர்களது விபரம் பாதுகாப்புத் திணைக்களத்தின் தரவுத் தொகுதியில் சேர்ந்ததும் தானாகவே திட்டத்தில் இணைத்துக்கொள்ளும் நிர்வாகம், அவர் விடைபெறும்போது மட்டும் அப்பொறுப்பைக் குடும்பத்தின் ஞாபகசக்தியிடம் விட்டுவிடுவது விசித்திரமே. பற்சிகிச்சைக் காப்புறுதிக்கோ வேறொரு திட்டம், வேறொரு கெடு: ஓய்வுக்கு 31 நாட்கள் முன்பிருந்து 60 நாட்கள் பின்பு வரை.