பறவைக் காய்ச்சல் பண்ணை விட்டுப் பண்ணை தாவுவது எப்படி?

கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன என்ற செய்தி வந்ததும், தமிழக எல்லையில் வாளையாறு சோதனைச்சாவடியில் அங்கிருந்து வரும் வண்டிகளுக்குக் கிருமிநாசினி அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். 2014இலும் 2021இலும் இப்படித்தான் நடந்தது. ஊர் முழுக்க வலசைப் பறவைகள்மேல் பழி போடும் நேரத்தில் லாரி டயரில் மருந்தடிப்பது எதற்கு என்று பலருக்கும் தோன்றும். பண்ணைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அந்த டயரில்தான் இருக்கிறது.

முதலில் வருவது நீர்வழியாக

காட்டு வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் குடலில் பறவைக் காய்ச்சல் வைரஸ் வாழும். அவற்றில் பல நோய்க்குறி எதுவும் காட்டாமலே எச்சத்தில் கிருமியை வெளியேற்றும். குளிர்ந்த நீரில் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துக்கூட்டம் அதே தண்ணீரில் இறங்குகிறது. குளத்து நீரைக் குளோரின் கலக்காமல் கோழிக்குக் கொடுத்தாலும், தீவனம் சிந்திய இடத்துக்குக் காக்கையும் எலியும் வந்துபோனாலும் கொட்டகைக்கு வழி திறந்துவிடும்.

பிறகு பரப்புவது நாம்

2015இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 5 கோடிக் கோழிகளும் வான்கோழிகளும் அழிந்தன. மிக அதிகமாக அடிபட்டது முட்டைக்குப் பேர்போன அயோவா மாநிலம். காரணம் தேடிய அந்நாட்டு வேளாண் துறை, பண்ணைகள் கருவிகளைப் பகிர்ந்துகொண்டதையும், ஒரே ஆட்கள் பல பண்ணைகளில் வேலை பார்த்ததையும், வண்டிகளைச் சரியாகக் கழுவாததையும் சுட்டிக்காட்டியது. செத்த கோழியை அள்ள வந்த லாரிகள் கொட்டகைக்கு அருகே வரை போனதும் ஆபத்தைக் கூட்டியிருந்தது. காற்றில் தூசியோடு கிருமி பரவ வாய்ப்பு உண்டுதான். ஆனால் காற்றைத் தடுப்பது கடினம், வண்டியை வாசலில் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

நம் ஊர் முட்டை அட்டையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். குழிகளின் ஓரத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும், இறகுத் துணுக்கும் இருக்கும். காகித அட்டையைக் கழுவவும் முடியாது. அது வியாபாரியிடம் போய், அங்கே பத்துப் பண்ணை அட்டைகளோடு கலந்து, வேறொரு பண்ணைக்குத் திரும்புகிறது. முட்டை வண்டி, தீவன மூட்டை, கழித்த கோழியை ஏற்றும் கூண்டு, கோழி எரு அள்ளும் டிராக்டர், தடுப்பூசி போட வரும் ஆட்களின் செருப்பு எல்லாமே இப்படித்தான் சுற்றிவருகின்றன.

நோய் தெரியும் முன்பே

கோழி சாகும் முன்பே கிருமியை வெளியேற்றத் தொடங்கிவிடும். தீவனம் எடுப்பது குறையும், தோல்முட்டை விழும், கொண்டை வீங்கி நீலம் பாரிக்கும். முதல் நாள் நாலைந்து செத்தால் வெயில் என்றோ வெள்ளைக் கழிச்சல் என்றோ நினைப்போம். அதற்குள் அன்றைய முட்டை வண்டி கிளம்பியிருக்கும். நஷ்டத்துக்குப் பயந்து மிச்சக் கோழியை அவசரமாக விற்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. நோயை நாமே வண்டியேற்றி அனுப்புவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

வாசலிலேயே தடுக்க

எச்சமும் மண்ணும் அப்பிய டயரில் மருந்தடித்துப் பயனில்லை. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்குப் போகக் கழுவ வேண்டும், பிறகே கிருமிநாசினி. கால் நனைக்கும் தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கொட்டகைக்கு ஒரு செருப்பு என்று தனியாக வையுங்கள். கழுவக்கூடிய பிளாஸ்டிக் அட்டைக்கு மாறுங்கள். வேலையாட்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்காமல் இருப்பது நல்லது. செத்ததை வாய்க்காலில் வீசாமல் பண்ணைக்குள்ளேயே குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

மனிதருக்கு?

70 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் இந்தக் கிருமி தங்காது. ஆபத்து, நோயுற்ற பறவையை வெறுங்கையால் தொடுபவருக்கும் அறுப்பவருக்கும்தான். மனிதருக்கு வருவது அரிது, வந்தால் உயிருக்கே ஆபத்து. 2021இல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் தொற்றால் டெல்லியில் இறந்தான். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் செத்த கோழியைத் தொடாதீர்கள். தொட்ட பின் காய்ச்சலோ இருமலோ வந்தால், கோழியைத் தொட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நோய் உறுதியானால் சுற்றிலும் 1 கிலோமீட்டரில் உள்ள கோழிகள் அழிக்கப்படும் என்ற அச்சத்தில் சிலர் மறைக்கிறார்கள். அழிக்கப்படும் பறவைக்கு அரசு இழப்பீடு தருகிறது, தானாகச் செத்ததற்கு அது கிடைக்காது. கோழிகள் வழக்கத்துக்கு மாறாகச் செத்தால் வியாபாரிக்குப் போன் போடுவதற்கு முன் கால்நடை மருத்துவருக்குப் போடுங்கள்.