பனிப்பாளத்துக்கும் ஒரு கலிங்கு

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை உடைந்தால், தண்ணீரின் கனம் தாங்காமல் உடைந்தது என்றுதான் பேசிக்கொள்வோம். ஆனால் நீர் கரையைத் தாண்டி வழிவதற்கு முன்பே சரிந்துவிடும் கரைகளும் உண்டு. ஊறிய மண்ணுக்குள் புகுந்த நீர், அழுத்தம் கூடக் கூட, மண்துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. உராய்வு போய்விடுகிறது. கரை அதேதான், மண்ணும் அதேதான். பிடிப்பு மட்டும் இல்லை. உபரிநீர் போகும் கலிங்கு வழியே நீர் வெளியேறிவிட்டால், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிப்பாளங்கள் ஏன் நகர்கின்றன, ஏன் சில இடங்களில் நின்றுபோகின்றன என்ற கேள்விக்கும் விடை ஏறக்குறைய இங்கேதான் இருக்கிறது. பனிக்கு அடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்த நீருக்குப் போக வழி கிடைத்ததா என்பதே வேகத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் வாதம். சான்று தேடி உடனே துருவத்துக்கு ஓட வேண்டியதில்லை. இந்தியப் பாறைகளிலிருந்தே தொடங்கலாம்.

அதற்குமுன் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் குன்றுகளின் வழவழப்பைப் பார்த்துவிட்டு, பனி தேய்த்த பாறை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மேலிருந்த சுமை காலப்போக்கில் அரித்துப்போக, பாறை தட்டுத்தட்டாக உரிந்து, வெயிலிலும் மழையிலும் உருண்ட வடிவம் அது. உண்மையான பனித்தடம் வடக்கே கிடக்கிறது. 1856-இல் ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் நிலக்கரி தேடிப்போன பிளான்ஃபோர்ட் சகோதரர்களும் தியோபால்டும், மெல்லிய பச்சைநிற வண்டலுக்குள் பெரும்பாறைகள் தாறுமாறாகப் பதிந்திருப்பதைக் கண்டார்கள். ஓடும் ஆறு பாறையையும் வண்டலையும் ஒரே இடத்தில் போடாது. பனிதான் இவற்றைச் சேர்த்துக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்கள். வெப்ப நாட்டில் பனியா என்ற சந்தேகம் எழுந்தது நியாயமே. 1870-களில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூருக்கு அருகே, பென்கங்கா ஆற்றோரம் ஈராய் என்ற இடத்தில், அதே வகைத் தால்ச்சேர் படிவுக்கு அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறைத் தளமே மெருகேறி, ஒரே திசையில் கீறப்பட்டுக் கிடந்ததை ஃபெடன் என்ற புவியியலாளர் பதிவுசெய்தார். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, அண்டார்க்டிகா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தன. இந்தக் கீறல்கள் அந்தக் காலத்தவை.

கீறல் பனிக்குச் சாட்சி என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது நீருக்கும் சாட்சி. அடிப்பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்ட பனி வழுக்காது. அதன் உள்ளே மட்டும் மெல்ல வளைந்து இழைந்து நகரும். ஒரு தளம் முழுவதும் மெருகேற வேண்டுமென்றால், கற்களைப் பிடித்த பனி அதன்மேல் நெடுங்காலம் வழுக்கியிருக்க வேண்டும். வழுக்குவதற்கு அடியில் உருகிய நீர் வேண்டும். உறைந்த பனியும் கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் கீறும் என்று மறுப்பவர்கள் உண்டு. அது சரிதான். ஆனால் அந்த நகர்வு மிக அற்பமானது. பரந்த தளத்தை அப்படி இழைத்துவிட முடியாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: வண்டலுக்குள் பாறை பதிந்திருப்பதற்குப் பனிதான் வேண்டுமா, சேற்றுச் சரிவு போதாதா? தால்ச்சேர் படிவுகளில் கணிசமான பகுதி உருகுநீரும் சரிவும் கொண்டுவந்து போட்டவை என்றே இன்று பல புவியியலாளர்கள் படிக்கிறார்கள். அதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. அது பனியை மறுக்கவில்லை. பனியோடு ஏராளமான நீரும் இருந்தது என்றுதான் சொல்கிறது.

அவ்வளவு குளிரில் நீர் எங்கிருந்து வந்தது? கனத்த பனியின் அழுத்தம், உருகும் வெப்பநிலையைக் கிலோமீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இறக்குகிறது. பூமியின் உள்வெப்பம் அடிப்பனியை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உருக்கும். நகர்வின் உராய்வும் தன் பங்குக்குச் சூடேற்றும். மேலே கிடக்கும் பனியே போர்வையாக அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அண்டார்க்டிகாவில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் பனிக்கு அடியில் வோஸ்டோக் என்ற 250 கிலோமீட்டர் நீள ஏரி இப்படித்தான் உறையாமல் கிடக்கிறது. 2012-இல் ரஷ்யர்களின் துளை அதைத் தொட்டது. அங்கே பனிக்கு அடியில் 400-க்கும் மேற்பட்ட ஏரிகள் கண்டறியப்பட்டுள்ளன. கிரீன்லாந்திலோ கோடையில் மேற்பரப்பிலேயே ஏரிகள் உண்டாகின்றன. 2006 ஜூலையில் அப்படியொரு ஏரி, சுமார் 5.6 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஒரு கிலோமீட்டர் தடித்த பனியைப் பிளந்துகொண்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அடியில் இறங்கிவிட்டது. அந்தப் பனி ஒரு மீட்டருக்கு மேல் எழும்பி, முன்னே தாவியது. ஒரே நாளில் மீண்டும் அடங்கியும் போனது.

அந்த அடங்கல்தான் என் கவனத்தை இழுக்கிறது. நீர் அதிகமானால் பனி வேகமெடுக்கும் என்பது உண்மையென்றால், வெப்பம் கூடக் கூட கிரீன்லாந்துப் பனி வேகமெடுத்துக்கொண்டே போக வேண்டும். கோடை உருகுநீர் வந்ததும் பனி விரைவதை 2002-இல் சுவாலியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டபோது, பலர் அப்படித்தான் அஞ்சினார்கள். 2015-இல் வந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது. தென்மேற்குக் கிரீன்லாந்தில், கடலைத் தொடாமல் நிலத்திலேயே முடியும் பகுதியில், 1985–1994 காலத்தோடு ஒப்பிட 2007–2014-இல் உருகுநீர் 50 விழுக்காடு கூடியும், பனியின் வேகம் 12 விழுக்காடு குறைந்திருந்தது. காரணம் வழியில் இருக்கிறது. மெதுவாகக் கசியும் நீர் பாறைக்கும் பனிக்கும் இடையே பரவி, அழுத்தத்தோடு நின்று, பனியைத் தூக்கிப் பிடிக்கும். பெருக்கெடுத்து ஓடும் நீரோ தன் வெப்பத்தாலேயே அடிப்பனியில் சுரங்கம் குடைந்து, சுற்றிலும் உள்ள நீரையும் தன்னிடம் இழுத்து வடித்துவிடும். அழுத்தம் இறங்க, பனி மீண்டும் தரையில் அமரும். பனி தானே கலிங்கு வெட்டிக்கொள்கிறது என்றுகூடச் சொல்லலாம். திடீர்த் திடீரென்று வரும் நீர்தான் ஆபத்து, ஏனென்றால் சுரங்கம் பெரிதாவதற்குள் அது வந்து அடைத்துக்கொள்கிறது.

இந்தச் சுரங்கங்கள் கற்பனையில்லை. கடைசிப் பனியுகத்தில் கனடாவை மூடியிருந்த பனிப்பாளம் பின்வாங்கியபோது, அதன் அடியாறுகளில் படிந்த மணலும் சரளையும் நீண்ட வளைந்த மேடுகளாக இன்றும் நிற்கின்றன. சகாராவில், 44 கோடி ஆண்டு பழைய பனியின் அடியில் நீர் குடைந்த பள்ளத்தாக்குகள் மணற்கல்லில் புதைந்து கிடக்கின்றன. பழைய பாறை நீரின் அழுத்தத்தை அளந்து சொல்லாது என்ற குறை நியாயமானது. ஆனால் இன்றைய பனியின் அடித்தளத்தை ரேடாரும் நில அதிர்வு அலையும் சில துளைகளும் மட்டுமே எட்டுகின்றன. நீர் எந்த வழியே போனது என்ற முழு வரைபடத்தைத் தருவது, பனி விட்டுப்போன பழைய நிலம்தான்.

நீரின் அளவைவிட அதன் வழியே முக்கியம் என்ற வாதத்துக்கு, மேற்கு அண்டார்க்டிகாவின் பனிப்பாளத்துக்குள் ஓடைபோல நகரும் காம்ப் பனியோடை நல்ல சோதனை. பக்கத்துப் பனியோடைகள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் நகர, இது சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நின்றுபோனது. பனியின் தடிமனோ சரிவோ திடீரென்று மாறிவிடவில்லை. அதன் அடிநீர் பக்கத்து ஓடைக்குத் திரும்பிவிட்டது என்பது ஒரு வலுவான விளக்கம். அண்டார்க்டிகா நமக்கு அந்நியமும் இல்லை: தால்ச்சேர் அமைந்த மகாநதிப் பள்ளத்தாக்கின் மறுபாதி, கோண்டுவானா பிரிந்தபோது அண்டார்க்டிகாவோடு போன லாம்பர்ட் பள்ளத்தாக்கு என்று பலர் கருதுகிறார்கள். உலகின் பெரும் பனியாறுகளில் ஒன்று இப்போது அதன்மேல் ஊர்கிறது. அது கலக்கும் பிரிட்ஸ் விரிகுடாக் கரையில்தான் 2012-இல் இந்தியாவின் பாரதி ஆய்வுநிலையம் வந்தது. அந்தப் பனியின் கணக்கு புதுக்கோட்டைக் கடற்கரை வரை வருகிறது. கோட்டைப்பட்டினத்துக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் எதிரே உள்ள பாக் விரிகுடா, கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த 20,000 ஆண்டுகளுக்கு முன் வறண்ட நிலம். அந்தக் கரையில் இனிக் கடல் எவ்வளவு ஏறும் என்ற கணிப்புகளில் கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதற்கு ஒரு காரணம், அண்டார்க்டிகப் பனிக்கு அடியில் எந்த நீர் வடிகிறது, எது அடைபட்டு நிற்கிறது என்பது மிகச் சில இடங்களில் மட்டுமே அளக்கப்பட்டிருப்பது.