கணிப்பான் கேளாத கேள்வி

வாரிசுகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால் நொடியில் பாகம் பிரித்துக் காட்டும் இணையக் கணிப்பான்கள் இன்று பெருகியுள்ளன. ஃபராயிள் கணக்கில் அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. கணக்குக்கு முன்னுள்ளதில்தான் வழுக்குகின்றன.

ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு மரணிக்கிறார். அடக்கச் செலவு போக 3,00,000 ரூபாய் இருக்கிறது. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 37,500 ரூபாய் என்கிறது கணிப்பான். 60,000 ரூபாய் மஹர் கொடுபடாமல் நின்றதை அது கேட்கவில்லை. மஹர் கடனாகும், பங்கீட்டுக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது. எஞ்சும் 2,40,000 ரூபாயில் அவர் பங்கு 30,000. ஆக, 90,000 ரூபாய்க்கு உரியவர் 37,500 ரூபாயோடு அனுப்பப்படுகிறார். சிறு சொத்தில் இது சிறு வேறுபாடன்று.

நாட்டுச் சட்டத்திலும் இத்தகைய வழுக்கல் உண்டு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்துக்குப் பொருந்தாது என்பர். மூலச் சட்டத்தின் வாசகம் அதுவே. ஆயினும் சென்னை மாகாணம் 1949இல் செய்த திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. தமிழகத்தில் நஞ்சை, புஞ்சைக்கும் ஷரீஅத்தே. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றோ வாரிசுகளைக் காட்டுமேயன்றிப் பங்குகளைக் காட்டாது.

மஹர்த் தொகையை ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் பார்க்கலாம். பின்னர் அது கொடுபட்டதா என்பதை அந்தப் பெண்மணியிடம்தான் கேட்க வேண்டும்.