கீழ்க்கணக்குக்கு வந்த கடிதங்கள்

அன்று எங்கள் லயத்தில் எந்தக் காம்பிராவுக்கும் முகவரி கிடையாது. உறையின்மேல் அப்பாவின் பெயர், அதற்கடுத்துத் தோட்டத்தில் எங்கள் பிரிவான கீழ்க்கணக்கு, பிறகு தோட்டத்தின் பெயர், கடைசியில் பொகவந்தலாவை. டவுன் தபாற்கந்தோரிலிருந்து தோட்டத்துத் தபால்காரர் பையைச் சுமந்துவருவார். ஆபீசில் கணக்குவாரியாகப் பிரித்து அனுப்புவார்கள். மாலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆபீஸ் மேசையிலேயே ஒரு வாரம் கிடந்த கடிதம் உண்டு. யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய கடிதமும் உண்டு.

எங்களுக்கு இரண்டு திசையிலிருந்து கடிதம் வரும். 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்தக் கணக்கில் சின்னத்தாத்தா குடும்பம் கோத்தகிரிக்குப் போனது. அங்கும் தேயிலைதான். அங்கிருந்து நீல நிற வான்கடிதம் வரும். அத்தை வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில் 1977 கலவரத்தின்போது லயத்துக்குத் தீ வைத்தார்கள். அவர்கள் வடக்கே போய், கிளிநொச்சி தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். மலையகத்திலிருந்து அப்படி வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அதுவும் ஒன்று. கலவரத்துக்குத் தப்பிப் போன இடத்தில் போர் வந்தது.

1999இல் நான் எட்டாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது; அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். ஆகவே வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். லயத்தில் ஒரு வீட்டுக் கடிதம் ஆறு வீட்டுக்கும் சொந்தம். அன்று வந்த உறையில் வவுனியா முத்திரை இருந்தது. வன்னிக்குப் போகும் ஏ–9 பாதை மூடிக்கிடந்த காலம். யாரோ வவுனியாவுக்கு வந்தவர் கையில் கொடுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதியிருந்தது அத்தையல்ல, அத்தை மகன். கோடு போட்ட கொப்பித்தாளில் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அன்புள்ள மாமாவுக்கு, நலம், நலமறிய ஆவல். அதன் பிறகு, இப்பவும் என்னவென்றால், நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் காம்பிராப் பாட்டி, “வேல கெடச்சிருச்சா, நல்லதுப்பா” என்றார். அப்பா என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மச்சானுக்கு அப்போது பதினேழு வயது. இயக்கம் என்ற சொல்லைக் கடிதத்தில் எழுத முடியாது. எழுதாமலே எல்லாருக்கும் எழுதப்பட்டிருந்தது. எனக்குத்தான் புரிய இரண்டு நாள் ஆனது.

கடிதத்துக்குப் பயப்பட்ட காலத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது சிரமம். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் மலைநாட்டுப் பையன்களையும் விடவில்லை. அடையாள அட்டை இல்லாமல் கொழும்புக் கடைகளில் வேலைபார்த்த எத்தனையோ பேர் பொலிசில் போய் நின்றார்கள். களுத்துறையிலோ பூசாவிலோ அடைபட்டவர்களின் வீடுகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாள் வரும். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். ஒட்டாத, யாரும் படிக்கக்கூடிய தாள். அப்படிப்பட்ட நாளில் வன்னியிலிருந்து வந்த கடிதத்தை வீட்டில் வைத்திருக்க யாருக்குத் துணிவு வரும்? தோட்டத்தில் ஒருநாள் சுற்றிவளைப்பு நடந்தது. அதற்கு முந்திய இரவே, சேதி காதில் விழுந்ததும், அம்மா அந்தத் தாளை அடுப்பில் வைத்துவிட்டார். கோத்தகிரிக் கடிதங்களை மட்டும் தகரப் பெட்டியில் விட்டுவைத்தார். அம்மா செய்ததைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்.

2006இல் ஏ–9 மறுபடி மூடிய பிறகு வன்னியில் இயக்கம் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்று கட்டாயமாக ஆள் சேர்த்தது. தானாகப் போனவன் கடிதம் எழுதினான். பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளிடமிருந்து அதுவும் இல்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது அத்தை முள்ளிவாய்க்காலில் இருந்து உடுத்த துணியோடு வந்தார். மச்சான் வரவில்லை.

இன்று எங்கள் பக்கம் நிறைய மாறியிருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கண்டவர்களும் இருக்கிறார்கள், அதே லயத்தில் தகரம் மாற்றிக் குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். முகவரி மட்டும் பலருக்கு இன்றும் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிடுகிறது. அதனால் பெரிய நட்டமில்லை என்று இளசுகள் நினைக்கலாம். 2022 ஆகஸ்டில் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயான முத்திரையை வாங்கிக் கடிதம் எழுத இங்கே யார் இருக்கிறார்கள்? கொழும்பிலிருந்தும் குவைத்திலிருந்தும் முகமே வருகிறது.

படையில் சேர்ந்த சேதியும் இப்போது அப்படித்தான் வருகிறது. ரஷ்யப் படையில் 554 இலங்கையர் சேர்ந்ததாகவும் அவர்களில் 59 பேர் இறந்ததாகவும் 2025 தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் சொன்னார். அவர்களிலும் பலர் வேலை என்று சொல்லித்தான் அழைத்துப்போகப்பட்டவர்கள். அன்று மச்சான் போரை வேலை என்று எழுதினான். இவர்களுக்கு வேலை என்று சொன்னது போராக முடிந்தது.

மச்சானைப் போலத் திரும்பி வராதவர்களுக்காகக் காணாமல் போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. அதன் பிராந்தியக் கிளைகளில் ஒன்று கிளிநொச்சியில் இருக்கிறது. பிள்ளை இருந்ததற்கு, போனதற்கு ஏதாவது காகிதம் வேண்டுமென்று அத்தை அலைகிறார். படம், பள்ளிக்கூட அறிக்கை, கொப்பி எல்லாம் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டன. செல் விழாத ஊரில் இருந்தது ஒரே ஒரு தாள்.

போன மாதம் அத்தை வீடியோவில் வந்தார். திரையில் பாதி நெற்றி, பாதி கூரை. “அண்ணி, அவன் அண்ணனுக்கு ஒரு கடுதாசி போட்டான்ல, அது அங்கன இருக்கா?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். “பெட்டில கெடக்கும், தேடிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

போனை வைத்த பிறகு கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். கோத்தகிரிக் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புப் பிரித்து, எழுத்து தெரியாத கண்ணால் பார்த்துப் பார்த்துப் பாயில் வைத்துக்கொண்டிருந்தார்.