மணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தோர் பிரிந்தால்: வீடும் குழந்தையும்

ஒரு குடும்பம் கலையும்போது முதலில் எழும் கேள்வி, இன்றிரவு யார் எங்கே தங்குவது என்பதேயாகும். முறைப்படி மணந்த கணவன் மனைவியரிடையே பிணக்கு நேர்ந்தால், இரு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசுகின்றனர். மணச் சடங்கு எதுவுமின்றிப் பல்லாண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரியும்போதோ, “அவளுக்கு இங்கே என்ன பாத்தியதை?” என்ற ஒரே கேள்வியுடன் விவகாரம் முடிந்துவிடுகிறது. பெண்ணும் பிள்ளையும் மூட்டை முடிச்சுகளுடன் தெருவில் நிற்க நேரிடுகிறது. இவ்வாறு செய்வது இரக்கமற்ற செயல் என்பது மட்டுமன்று. பெரும்பாலும் சட்டத்துக்கும் மாறானது. இதனை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு கொத்தனாரும், வயல் வேலை செய்யும் ஒரு பெண்ணும் ஒன்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கின்றனர். இருவருக்கும் முன்பு வேறு மணம் நடந்ததில்லை. ஊரார் அவர்களைக் கணவன் மனைவியாகவே கருதி வந்திருக்கின்றனர். குடும்ப அட்டையில் இருவர் பெயரும் உண்டு. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மனைப் பட்டா அவன் பெயரில் உள்ளது. சுவர் எழும்பியபோது கல்லும் மண்ணும் சுமந்தவள் அவள். ஒரு நாள் சச்சரவு முற்றி, அவன் அவளை வெளியேற்றிக் கதவைப் பூட்டிவிடுகிறான். அவள் குழந்தையுடன் ஊராட்சித் தலைவரிடம் வருகிறாள். தலைவர் கூற வேண்டிய பதில் யாது?

உண்மையில் மணமாகாதவர்கள்தாமா?

முதலில் ஆராய வேண்டுவது இதுவே. புரோகிதர் வரவில்லை, பந்தல் போடவில்லை என்பதால் மட்டும் மணம் நடக்கவில்லை என்று கூறிவிட முடியாது. நம் மாநிலத்தில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, இந்துக்களாகிய இருவர் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகத் தமக்குப் புரியும் மொழியில் கூறினாலும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் அது செல்லத்தக்க திருமணமேயாகும். கோயில் வாயிலில் நான்கு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்ட இருவரை மணமாகாதவர் என்று தள்ளிவிடுதல் தவறு. அவர்கள் பிரிவதற்கு நீதிமன்றத்தின் மணவிலக்கு வேண்டும்.

அன்றியும், ஓர் ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருப்பின், அவர்கள் மணந்தவர்களே என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும் என்பதை உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டிலும் வலியுறுத்தியுள்ளது. மணமில்லை என்று மறுப்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் உரிமை

மணம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பெண் கைவிடப்பட்டவள் அல்லள். 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், மனைவியை மட்டுமன்றித் ‘திருமணத்தை ஒத்த உறவில்’ வாழ்ந்த பெண்ணையும் காக்கிறது. இச்சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது.

எவ்வகை உறவு திருமணத்தை ஒத்தது என்பதை, நம் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் விளக்கியது. இருவரும் மணம் செய்துகொள்ளும் வயதை அடைந்திருக்க வேண்டும். மணம் செய்யத் தடையற்றவர்களாக இருக்க வேண்டும். உலகத்தார் முன் கணவன் மனைவி போல் விளங்கியிருக்க வேண்டும். தாமே விரும்பி ஒரே வீட்டில் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். நம் உதாரணத்தில் உள்ள பெண்ணுக்கு இவை யாவும் பொருந்துகின்றன. ஆனால் ஆணுக்கு வேறு மனைவி இருப்பதை அறிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டவில்லை என்பதை 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று காட்டுகிறது. இதனை நம் பெண்மக்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லுதல் நலம்.

இருவரும் கூடி வாழ்ந்த வீட்டில் அவளுக்குப் பட்டாவோ பங்கோ இல்லாவிடினும், அங்கே வசிக்கும் உரிமை உண்டு. சட்டப்படியான நடவடிக்கையின்றி அவளை வெளியேற்றலாகாது. அடிப்பது மட்டுமே வன்முறை என்று எண்ண வேண்டா. வீட்டினுள் வரவொட்டாமல் கதவைப் பூட்டுவதும் பொருளாதார வன்முறை என்றே இச்சட்டம் கூறுகிறது. அவள் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். வெளியேற்றக் கூடாது என்றோ, அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும் அல்லது வாடகை தர வேண்டும் என்றோ அவர் உத்தரவிடக்கூடும். அவளுடைய நகை, பாத்திரம் முதலிய உடைமைகளைத் திருப்பித் தரும்படியும் ஆணையிடலாம்.

ஆயினும் வசிக்கும் உரிமை வேறு, சொத்துரிமை வேறு. அவ்வுத்தரவினால் பட்டா அவள் பெயருக்கு மாறிவிடாது. வீடு கட்டத் தான் கொடுத்த பணத்தைக் கோர வேண்டுமாயின் அவள் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே வாய்ச்சொல்லைவிட ரசீதுக்கே மதிப்பு அதிகம். இதற்கு மாறாக, வீடு பெண்ணின் பெயரில் இருந்து ஆண் வெளியேற நேர்ந்தால், இச்சட்டத்தின்படி அங்கே தங்கும் உரிமையை அவன் கோர முடியாது. எனினும் அவனுடைய கருவிகளையும் உடைமைகளையும் கொடுத்தனுப்புவதே முறை.

குழந்தைக்கு இருவரும் பொறுப்பு

பெற்றோர் மணந்தார்களா இல்லையா என்பது குழந்தையின் பசிக்குத் தெரியாது. சட்டமும் இதனை ஒப்புக்கொள்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின்படி, மணவுறவின்றிப் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தாயே. அவளுக்குப் பின்னரே தந்தை. ஆகவே “என் இரத்தம்” என்று கூறித் தாயின் கையிலிருந்து குழந்தையைப் பறித்துச் செல்ல எவருக்கும் உரிமை இல்லை. மணமாகாத தாய், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலே காப்பாளராக நியமனம் பெறலாம் என்றும் 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற மதத்தினருக்குக் காப்பாளர் விதிகள் வேறுபடும்; ஆனால் எந்த நீதிமன்றமும் குழந்தையின் நலனையே முதன்மையாகக் கருதும்.

தந்தைக்கு வழியே இல்லை என்பதன்று. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி அவன் நீதிமன்றத்தை அணுகி, குழந்தையைப் பார்க்கவோ தன்னிடம் வைத்துக்கொள்ளவோ அனுமதி கேட்கலாம். அவனால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம் இல்லாதபோது, கோபத்தை முன்னிட்டுக் குழந்தையைக் கண்ணில் காட்டாமல் இருப்பது தகாது.

ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமே இல்லை. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, மணவுறவில் பிறந்த குழந்தை, அல்லாத குழந்தை என்ற வேற்றுமை பாராமல், பொருள் வசதியுள்ள தந்தை தன் இளங்குழந்தையைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. அதற்கு முன்பிருந்த சட்டத்தின் 125ஆம் பிரிவும் இவ்வாறே கூறிற்று. குடும்ப நல நீதிமன்றத்திலோ, அது இல்லாத இடத்தில் மாஜிஸ்திரேட்டிடமோ மனுக் கொடுக்கலாம்.

வாரிசுரிமையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இக்குழந்தை தாயின் சொத்துக்கு வாரிசு ஆகும். பெற்றோரிடையே எவ்வகை மணமும் இல்லையெனில், தந்தை உயில் எழுதாமல் இறந்தபின் அவருடைய சொத்தில் பங்கு கேட்பது கடினம். ஆகவே குழந்தையிடம் அன்புள்ள தந்தை, உயில் அல்லது தானப் பத்திரம் எழுதிவைப்பதே அறிவுடைமை.

ஊராட்சியார் செய்யத்தக்கவை

நம் ஊராட்சிகளுக்கு இத்தகைய வழக்குகளில் தீர்ப்புக் கூறும் அதிகாரம் இல்லை. அபராதம் விதிப்பதும், ஊரைவிட்டு விலக்குவதும், “இனி ஒன்றும் கேட்க மாட்டேன்” என்று பெண்ணிடம் கையெழுத்து வாங்குவதும் கூடா. குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய காகிதம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

ஆனால் உதவி செய்யும் கடமை நமக்கு உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலருக்கு அப்பெண் மட்டுமன்றி, விஷயம் அறிந்த எவரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது பொறுப்பு எதுவும் சாராது. அலுவலர் அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். 181 என்ற எண்ணில் மகளிர் உதவி மையத்தையும், 1098இல் குழந்தைகள் உதவி மையத்தையும் அழைக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகினாலே போதும்.

குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, வாக்காளர் பட்டியல், குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு ஆகியவையே சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சி கூறுவன. இவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுவோம். சேர்ந்து வாழ்வோரிடம், இணக்கமாக இருக்கும் காலத்திலேயே மணத்தைப் பதிவு செய்யுமாறும், வீட்டை இருவர் பெயரிலும் எழுதுமாறும் எடுத்துரைப்போம்.

இனி, நம் உதாரணத்துக்கு வருவோம். தலைவர் அப்பெண்ணை நோக்கி, “நீ யார்?” என்று கேட்க வேண்டியதில்லை. “அம்மா, முதலில் குழந்தையுடன் உள்ளே வந்து உட்கார். நாளைக் காலையில் அலுவலரிடம் செல்வோம். வீட்டின் கதவைத் திறக்கச் சட்டத்தில் வழி உண்டு” என்று கூறுவாராயின், அன்றிரவு அக்குழந்தை தெருவில் உறங்காது. ஊராட்சியின் பெருமை இதைவிட வேறு எதில் விளங்கும்?